யாழினிக்கு முன்னால் ‘நா.’ போடலாமா?

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. பிரசவம் என் அம்மா ஊரான திருநெல்வேலியில். மருத்துவமனை மூலம் பிறப்பைப் பதிந்துவிட்டோம், பெயர் மட்டும் இன்னும் சேர்க்கவில்லை. ‘யாழினி’ என்று வைக்க ஆசை. கணவர் பெயர் நாகராஜன், துபாயில் வேலை பார்க்கிறார். அவர் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் மாமனார் பெயர் ‘வேலுச்சாமி’ இருக்கிறது. பேத்திக்கும் அதுவே சர்நேமாக வரட்டும் என்கிறார் மாமனார். நியூமராலஜி பார்ப்பவரோ, இன்ஷியலோடு கூட்டினால் 8 வருகிறது, ஆங்கிலத்தில் ‘யா’வுக்கு இன்னொரு ‘ஏ’ போட்டால் 9 ஆகிவிடும் என்கிறார். ‘இசட்-எச்’ போட்டால் வெளிநாட்டுக்காரன் வாயில் நுழையாது, ‘எல்’ போதும் என்கிறான் என் தம்பி. நான்கு மாதத்தில் நானும் குழந்தையும் துபாய் போக வேண்டும். பெயரை எப்படி எழுதுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: வணக்கம். யாழினி நல்ல பெயர், அதில் குழப்பம் வேண்டாம். நீங்கள் இன்னும் முடிவு செய்யாதது சர்நேமைத்தான். அதை முதலில் முடியுங்கள். ‘ஏ’ ஒன்றா இரண்டா, ‘இசட்’டா ‘எல்’லா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. பெயருக்கு மூன்று மாதம் யோசிப்பார்கள், சர்நேம் கட்டத்தை பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பும் இரவில் கையில் வந்ததைப் போட்டு நிரப்புவார்கள்.

அவசரப்படாமல் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு, பாஸ்போர்ட் எடுக்கும்போது பிறந்த தேதிக்கான ஒரே ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். பள்ளிச் சேர்க்கை, ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு வரை அதுவே அடிப்படை. முன்பெல்லாம் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டி எல்லாவற்றையும் நேர்செய்துவிடலாம். உங்கள் மகளுக்கு அந்த வழி இல்லை. நெல்லையில் எழுதப்போகும் எழுத்துகளே கடைசிவரை கூட வரும்.

சர்நேமுக்கு வருவோம். உங்கள் முன்னால் நான்கு வழி இருக்கிறது.

முதலாவது, சர்நேமைக் காலியாக விட்டு ‘யாழினி’ என்று ஒற்றைப் பெயராக வைப்பது. இந்தியாவுக்குள் தொல்லை இல்லை, பாஸ்போர்ட் விண்ணப்பமும் ஏற்கும். ஆனால் நீங்கள் போகும் ஊருக்கு இது சரிப்படாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட், சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். தளர்த்தியது விமான நிலையக் கவுண்ட்டரில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே வாதாட முடியாது. அமெரிக்க விசாவில் இது வேறு கூத்து. இருக்கும் ஒரே பெயரைச் சர்நேமாக்கிவிட்டு, பெயர் இடத்தில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமாக ‘எஃப்-என்-யு’ என்று அச்சிட்டுத் தருவார்கள். அதையே பெயர் என்று நினைத்துக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. இந்த வழியை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, மாமனார் சொல்லும் ‘யாழினி வேலுச்சாமி’. கணவரும் மகளும் ஒரே சர்நேமில் வருவார்கள் என்பது இதன் நன்மை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று குடியேறும் எண்ணம் இருந்தால் அதற்கு நிஜமாகவே மதிப்பு உண்டு. அங்கே பள்ளி, மருத்துவமனை, காப்பீடு எல்லாவற்றிலும் குடும்பத்தைச் சர்நேமை வைத்துத்தான் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆனால் ஊர் திரும்பினால் சிக்கல் ஆரம்பிக்கும். தமிழ்நாட்டுப் பள்ளியில் அப்பா பெயர் கேட்பார்கள், நாகராஜன் என்பீர்கள், இன்ஷியல் ‘நா’ என்று எழுதிக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டில் வேலுச்சாமி, பதிவேட்டில் ‘நா’. பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாராகும் நேரத்தில் இது கிளம்பும். போதாததற்கு, ‘யாழினி வேலுச்சாமி’ என்று படிக்கிற எந்தத் தமிழரும் வேலுச்சாமியைத்தான் அப்பா என்று நினைப்பார்.

மூன்றாவது, இரண்டு பேரையும் சமாதானப்படுத்தும் வழி. பெயர் கட்டத்தில் ‘யாழினி நாகராஜன்’, சர்நேம் கட்டத்தில் ‘வேலுச்சாமி’. இடம் போதுமா என்ற கவலை வேண்டாம். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம் உண்டு. இந்த மூன்று பெயரும் இடைக்குறிகளோடு சேர்ந்தாலும் அதற்குள் அடங்கிவிடும். இடைஞ்சல் இடத்தில் இல்லை, பழக்கத்தில். ஒரு படிவத்தில் மூன்றையும் எழுதுவீர்கள், இன்னொன்றில் நடுப்பெயர் விட்டுப்போகும், மூன்றாவதில் ‘யாழினி நா. வே.’ என்று வரும். விமான டிக்கெட்டில் ஒன்று விடுபட்டால் அன்றைக்குத்தான் தெரியும்.

நான்காவது, ‘யாழினி’ பெயர், ‘நாகராஜன்’ சர்நேம். இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். பள்ளி இன்ஷியலும் பாஸ்போர்ட் சர்நேமும் ஒரே ஆளைக் குறிக்கும். உங்கள் பாஸ்போர்ட்டிலும் கணவர் பெயரே சர்நேமாக இருந்தால் தாயும் மகளும் ஒன்றாக வருவீர்கள். கணவர் மட்டும் ‘நாகராஜன் வேலுச்சாமி’யாக இருப்பார். அது தமிழ்க் குடும்பங்களில் வழக்கம்தான். தந்தை, தாய் பெயர்களோடு பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கும்வரை யாரும் மறுக்க மாட்டார்கள். மாமனாரிடம், அவர் பெயர் மகன் பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே பத்திரமாக இருக்கிறது, ஒரு தலைமுறைக்கு ஒரு பெயர் என்பதுதான் நம் முறை என்று பக்குவமாகச் சொல்லுங்கள். மகளுக்குத் திருமணம் ஆனால் என்னாகும் என்ற கேள்வியும் வீட்டில் எழும். திருமணத்துக்காக பாஸ்போர்ட்டில் சர்நேமை மாற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சர்நேம் நாகராஜன் என்றானதும், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘நா. யாழினி’ என்பதை இடைவெளி விடாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாயாழினி! இன்ஷியல் ‘நா’வும் பெயரின் ‘யா’வும் ஒட்டும்போது காதில் முதலில் விழுவது ‘நாய்’. ஆங்கிலத்தில் ‘யாழினி என்.’ என்று எழுதும்வரை இது தலைகாட்டாது. ஆனால் இன்ஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டது. வருகைப் பதிவேட்டைத் தமிழில் வாசிக்கும் வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இதை விட்டுவைக்க மாட்டார்கள்.

இதற்காகப் பெயரையே கைவிடச் சொல்லவில்லை. முன்னெழுத்தை முன்னால் போடாமல் ‘யாழினி நாகராஜன்’ என்று முழுதாக எழுதும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொண்டால் பெருமளவு தப்பிக்கலாம். அந்த வரிசையில் ஓசையும் நன்றாக இருக்கிறது. ‘னி’யில் முடிந்து ‘நா’வில் எடுக்கிறது, இரண்டும் ஒட்டிக்கொள்ளவில்லை. ஆண் குழந்தையாக இருந்து ‘நவீன்’ என்று வைத்திருந்தால் ‘நவீன் நாகராஜன்’ வேகத்தில் ‘நவீநாகராஜன்’ ஆகியிருக்கும்.

முழுப்பெயர் வழக்கம் பள்ளியில் நிற்காது என்று தோன்றினால், இப்போதே மாற்றிக்கொள்ள நேரம் இருக்கிறது. ‘நா’வுக்குப் பிறகு ‘ய’ வரிசைப் பெயர் மட்டும்தான் இந்த வம்பு. அ, இ, எ என்று உயிரெழுத்தில் தொடங்கும் பெயர்கள் தப்பிவிடும், ஏனென்றால் ‘நா’வோடு சேரும்போது நடுவில் ‘வ்’தான் வரும், ‘ய்’ வராது. (அப்பா பெயர் பேச்சிமுத்துவாக இருந்தால் கதை வேறு. அங்கே ‘பே. இனியா’ கூட ‘பேயினியா’ ஆகிவிடும்.) ‘மகிழினி’ போல மெய் ஓசையில் தொடங்கும் பெயரும் சரி. ஆனால் மகிழினிக்கு வேறு விலை உண்டு. நடுவில் வரும் ‘கி’யை ஆங்கிலத்தில் ஜி, கே, எச் என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள், ‘ழி’யை இரண்டு விதமாக. ஆக ஒரே பெயருக்கு ஆறு எழுத்துக்கூட்டு. யாழினியில் குழப்பம் தரும் மெய் ‘ழ’ ஒன்றுதான்.

அந்த ‘ழ’வைப் பார்ப்போம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ‘இசட்-எச்’ என்று கண்டதும் ‘ழ’ என்று படித்துவிடுவார்கள். கோழிக்கோடு, ஆலப்புழை எல்லாம் அப்படித்தான் எழுதப்படுகின்றன. ஈழத்தமிழர் வழக்கம் ‘எல்’. அவர்கள் ‘யாழ்’ என்பதையே நடுவில் ஓர் ‘ஆர்’ போட்டு ‘ஒய்-ஏ-ஆர்-எல்’ என்று எழுதுவதும் உண்டு, அந்த ‘ஆர்’ நெடிலைக் காட்டுவதற்கு. தமிழ் தெரியாதவர்கள் ‘இசட்-எச்’சைப் பார்த்தால் ‘யாஜினி’, ‘யாசினி’ என்று சொல்வார்கள். ‘எல்’ போட்டால் ‘யாலினி’ என்பார்கள், காதுக்கு அது ‘ழ’வுக்குக் கிட்டத்தில் இருக்கும். அந்த அளவில் உங்கள் தம்பி சொல்வது நியாயம்.

ஆனாலும் நான் ‘இசட்-எச்’ பக்கம். துபாயில் உங்கள் மகள் பெயரை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்வார்கள், ஓசை பிசகினால் ஆவணம் கெடாது. ‘எல்’ போட்டால் கெடுவது தமிழ் எழுத்து. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு இடத்திலும் யாலினி, யாளினி என்று புதுப்புதுப் பெயர்கள் பிறக்கும். ரேஷன் கார்டு, பள்ளிப் பதிவேடு, சாதிச் சான்றிதழ் என்று தமிழில் அச்சாகும் ஆவணங்கள் இங்கே ஏராளம். அங்கே ‘ழி’ ‘ளி’யானால் திருத்துவதற்கு அலைய வேண்டியது நீங்கள்தான். ‘எச்’ இல்லாமல் வெறும் ‘இசட்’ மட்டும் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது எந்த ஊரிலும் ‘ழ’ ஆகாது. தமிழை ஆங்கிலத்தில் எழுத எல்லோரும் ஏற்கும் ஒரே முறை இல்லை. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசு ஆணை வந்தது, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. அரசுக்கே அந்தப் பாடு என்றால் வீட்டில் சண்டை வருவதில் வியப்பில்லை.

அடுத்து நியூமராலஜி. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், கணக்கை மட்டும் சரிபார்க்கலாம். நம் ஊரில் பெரும்பாலும் பார்ப்பது கால்டிய முறை. அதில் ஒய் 1, ஏ 1, இசட் 7, எச் 5, ஐ 1, என் 5. ‘யாழினி’யை ஒரே ‘ஏ’ போட்டு எழுதினால் 1, 1, 7, 5, 1, 5, 1, மொத்தம் 21, அதாவது 3. முன்னால் ‘என்’ இன்ஷியலைச் சேர்த்தால் 26, அதாவது 8. உங்களைப் பயமுறுத்திய எண் இதுதான். ஆனால் பாஸ்போர்ட்டில் இன்ஷியலே கிடையாது, விரித்துத்தான் எழுத வேண்டும். ‘நாகராஜன்’ (என்-ஏ-ஜி-ஏ-ஆர்-ஏ-ஜே-ஏ-என்) தனியாக 20. இரண்டும் சேர்ந்தால் 41, அதாவது 5. ஆக அதே எழுத்துக்கூட்டு பெயராக மட்டும் பார்த்தால் 3, இன்ஷியலோடு 8, முழுப்பெயராக 5. இன்னொரு ‘ஏ’ போட்டால் 9 வருவது இன்ஷியல் வடிவத்துக்கு மட்டும்தான், முழுப்பெயருக்கு அது 6. சொன்னவரிடம் ‘யாழினி நாகராஜன்’ என்ற முழுப்பெயருக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 8 காணாமல் போய்விட்டதால் அவருக்கும் மறுக்க ஒன்றுமிருக்காது.

ஒற்றை ‘ஏ’யே போதும் என்று நான் சொல்வதற்கு எண் காரணமல்ல. கூடுதல் எழுத்து சொன்னால் காதில் விழாது. தொலைபேசியிலோ கவுண்ட்டரிலோ பெயரைக் கேட்டு எழுதுகிறவர் ஒன்றைத்தான் போடுவார். ஓர் ஆவணத்தில் இரண்டு, இன்னொன்றில் ஒன்று என்று பிரிந்துவிட்டால் வங்கிக்கணக்கு, பான், ஆதார் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டே வாய்ப்புதான், அதைப் பிள்ளைப் பருவத்திலேயே செலவழிக்கக் கூடாது.

ஆகவே எழுத வேண்டிய வடிவம்: தமிழில் ‘யாழினி நாகராஜன்’. ஆங்கிலத்தில் ஒய்-ஏ-இசட்-எச்-ஐ-என்-ஐ, ஓர் இடைவெளி, பிறகு கணவரின் பாஸ்போர்ட்டில் ‘நாகராஜன்’ எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே. நான் மேலே எழுதியது பொதுவழக்கு. அவர் பாஸ்போர்ட்டில் ‘ரா’வுக்கு இரண்டு ‘ஏ’ இருந்தால் இங்கும் இரண்டு. புள்ளி எங்கும் வேண்டாம்.

இனி அலுவலக வேலை. பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு இருக்கும். கோவையில் போய்க் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நெல்லையில் பதிந்த அதே அலுவலகத்தில்தான் பெயர் சேர்க்க வேண்டும். பிறப்பு பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். உங்களுக்குத் துபாய் பயணம் இருப்பதால் இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

போவதற்கு முன், பெயரில்லாத சான்றிதழின் நகலை எடுத்து உங்கள் பெயரும் கணவர் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இது. பிரசவ அவசரத்தில் மருத்துவமனைப் படிவத்தை யாரோ உறவினர் நிரப்பியிருப்பார். ‘நாகராஜன் வி’ என்றோ, உங்கள் பெயர் கல்யாணத்துக்கு முந்தைய இன்ஷியலோடோ இருக்கும். பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969இன் 15ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. பாஸ்போர்ட் நகலை ஆதாரமாகக் கொடுத்து எழுத்துமூலம் கேட்க வேண்டும்.

பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தில் ஆங்கிலத்தைத் தனித்தனிப் பெரிய எழுத்தில், கட்டம் போட்டது போல எழுதுங்கள். தமிழையும் நீங்களே எழுதிக்கொடுங்கள், கணினி மாற்றித் தருவதற்கு விடாதீர்கள். ‘இன்ஷியல் மட்டும் போதும், சர்நேம் எதற்கு’ என்று கேட்டால், குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுக்கப்போகிறோம், முழுப்பெயராகவே பதிய வேண்டும் என்று சொல்லுங்கள். உறுதி செய்வதற்கு முன் திரையைக் காட்டச் சொல்லி ‘ழி’யையும் ‘இசட்-எச்’சையும் விரல் வைத்துப் பாருங்கள். ஒருமுறை பதிந்த பெயரை வேறு பெயராக மாற்றித் தரமாட்டார்கள். எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கே ஆதாரம் கேட்பார்கள். அரசிதழில் பெயர் மாற்றினாலும் பிறப்புப் பதிவு பழைய பெயரிலேயே கிடக்கும்.

சான்றிதழ் வந்த பிறகு குழந்தைக்கான நீல ஆதார், அதன் பிறகு பாஸ்போர்ட், இந்த வரிசையில் போங்கள். மூன்றிலும் எழுத்து மாறக் கூடாது. சிறார் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்தே நிரப்புங்கள், நினைவிலிருந்து வேண்டாம். விண்ணப்பத்துக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். கணவர் துபாயில் இருப்பதால் அவருடைய உறுதிமொழியை அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொல்ல வேண்டியிருக்கும். அதில் மகள் பெயரை அவர் வழக்கப்படி வேகமாக எழுதிவிடாமல் இருக்க, பிறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து அவருக்கு முதலிலேயே அனுப்பிவையுங்கள்.